25 வெள்ளிக்குப் புல் வெட்டினால் கையில் நிற்பது எவ்வளவு?

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தாமான்களில் மின்கம்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? 'புல் வெட்டித் தரப்படும்' என்று மலாய் மொழியில் எழுதி, கீழே ஒரு கைப்பேசி எண்ணோடு சிறு அட்டைகள் தொங்கும். ஒரே கம்பத்தில் மூன்று நான்கு அட்டைகளைக்கூடப் பார்க்கலாம். அந்த எண்களில் அழைத்தால் பேசுபவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாத தம்பிக்கும், தொழிற்சாலை வேலையை இழந்த அண்ணனுக்கும் உடனே கைகொடுக்கும் தொழில் இது.

என் தாய்மாமா பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுங்கைப்பட்டாணியில் இந்தத் தொழில்தான் செய்கிறார். நான் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பதால், விடுமுறையில் கணக்குப் புத்தகம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்போது அவர் சொன்னது இதுதான்: "கார்னர் வீட்டுக்கு 35 வெள்ளி வாங்குறேன்மா. இப்ப 25க்கு வெட்ட ஆள் வந்துட்டாங்க. நானும் இறங்கித்தான் ஆகணும் போல."

இறங்கலாமா, கூடாதா? வகுப்பில் படித்த பாடங்களை மாமாவின் கணக்கோடு வைத்துப் பார்த்ததில் கிடைத்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். புல் வெட்டுவோருக்கு மட்டுமல்ல, சொந்தமாகச் சிறுதொழில் தொடங்க நினைக்கும் எந்த மாணவருக்கும் இது பயன்படும்.

ஏன் இவ்வளவு போட்டி?

ஒரு தொழிலில் நுழைவது எவ்வளவு எளிதோ, அங்கே போட்டியும் அவ்வளவு அதிகமாக இருக்கும். 1830இல் இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் படிங் என்பவர் புல்வெளிகளைச் சீராக வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அது தள்ளிக்கொண்டு போகும் கனமான இரும்பு இயந்திரம். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, சுழலும் நைலான் நரம்பால் புல்லை வெட்டலாம் என்று யோசித்தார். இன்று தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் மெஷின்களில் சுழலும் நைலான் நரம்பு அந்த யோசனையிலிருந்து வந்ததுதான்.

அதன் பிறகு, ஒரு மெஷினும் மோட்டார் சைக்கிளும் இருந்தால் யாரும் இந்தத் தொழிலுக்கு வரலாம் என்ற நிலை வந்தது. கடை வாடகை இல்லை, சான்றிதழ் கேட்பவர் இல்லை. அதிலும் கெடா தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களுக்குப் புல்லும் லாலாங்கும் புதிதல்ல. ரப்பர் காலத்திலும் செம்பனைக் காலத்திலும் வெளிக்காட்டு வேலை செய்து பழகியவர்கள் நம் பாட்டிமார்கள்.

நுழைவது எளிது என்பது நல்ல செய்திதான். ஆனால் இன்று நீங்கள் நுழைந்த அதே வழியில் நாளை இன்னொருவர் நுழைவார். அவர் வாடிக்கையாளரைப் பிடிக்க முதலில் எடுக்கும் ஆயுதம் விலைக் குறைப்பாகவே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாமாவும் ஓர் உதவியாளரும் ஒரு நாளில் ஏழு கார்னர் வீடுகளை முடிப்பார்கள். அந்த ஒரு நாளுக்கு ஆகும் செலவை இருவகையாகப் பிரித்தேன்.

முதல் வகை, அன்றே கையிலிருந்து போகும் பணம். உதவியாளரின் கூலியும் பெர்கேசோ சந்தாவும் 80 ரிங்கிட். இரண்டு மெஷின்களுக்குப் பெட்ரோலும் அதில் கலக்கும் எண்ணெயும் 18. வேனுக்குப் பெட்ரோல் 15. நைலான் நரம்பு, கத்தி 7. மொத்தம் 120 ரிங்கிட்.

இரண்டாம் வகை, அன்று கண்ணுக்குத் தெரியாமல் தேயும் பணம். இரண்டு மெஷின்களின் விலை 2,400 ரிங்கிட். அவை மூன்று ஆண்டுகள் உழைக்கும். மழை நாள், வறண்ட நாள் போக ஆண்டுக்கு 220 நாள் வேலை என்று கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 4 ரிங்கிட். மெஷின் பழுதுபார்க்க 6. வேனின் சாலை வரி, காப்புறுதி, டயர், தேய்மானம் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 25 ரிங்கிட்.

ஆக, ஒரு நாள் செலவு 145 ரிங்கிட். மாமாவின் உழைப்புக்கு 100 ரிங்கிட் சேர்த்தால் 245. அதை ஏழு வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 35 ரிங்கிட். மாமா எந்தப் பாடமும் படிக்காமல் அனுபவத்தில் வைத்திருந்த விலையும் அதுவேதான்!

இப்போது 25 ரிங்கிட்டுக்கு இறங்கிப் பார்ப்போம். ஏழு வீடுகளுக்கு 175 ரிங்கிட் வரும். அன்றைய கைச்செலவு 120 போக, சட்டைப் பையில் 55 ரிங்கிட் இருக்கும். 'பரவாயில்லை, 55 கிடைத்தது' என்றுதான் தோன்றும். ஆனால் தேய்ந்துபோன 25ஐயும் கழித்தால் உண்மையில் நிற்பது 30 ரிங்கிட்.

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்து பேருக்கும் குறைவானவர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அது அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் கட்டாயமானது. மாதம் 26 நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். தனக்குத் தானே முதலாளி என்று சொல்லிக்கொண்டு, அதில் பாதியைக்கூட எட்டாத கூலிக்கு ஒருவர் வெயிலில் நிற்கிறார். வேறு முதலாளி அந்தச் சம்பளம் கொடுத்திருந்தால் சட்டம் கேட்டிருக்கும். தானே கொடுத்துக்கொள்ளும்போது கேட்பதற்கு ஆளில்லை.

அந்த 25 வெள்ளி ஆள் யார் என்றும் தெரியவந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த, என் வயதே இருக்கும் ஓர் இளைஞர். மெஷின் உறவினருடையது. அதனால் தேய்மானம் அவர் கணக்கில் ஏறவே இல்லை. எட்டு மாதத்தில் மெஷின் பழுதானது. சரிசெய்யப் பணம் இல்லாமல் அவர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். இரண்டே வாரத்தில் அதே தாமானில் இன்னொரு அட்டை தொங்கியது. விலை அதே 25. ஒருவர் நட்டப்பட்டு வெளியேறினாலும் விலை ஏறவில்லை. நட்டப்படும் ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

எல்லாரும் சேர்ந்து விலை வைத்தால்?

"ஊரில் புல் வெட்டுறவங்க எல்லாரையும் கூப்பிட்டு, 35க்குக் கீழே யாரும் வெட்டக்கூடாதுன்னு பேசி முடிச்சா என்ன?" என்று மாமாவின் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அது சட்டவிரோதம்.

2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை நிர்ணயிப்பதை அதன் 4ஆவது பிரிவு தடைசெய்கிறது. மலேசியப் போட்டி ஆணையம் இந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் தீர்ப்பளித்தது யார் மீது தெரியுமா? பெரிய நிறுவனங்கள் மீது அல்ல. கேமரன் மலை மலர் வளர்ப்போர் சங்கத்தின் மீது. 2012இல் பூக்களின் விலையை 10 விழுக்காடு உயர்த்தச் சங்க உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. ஆணையம் விசாரித்து, அதை நிறுத்தும்படியும் இனி அவ்வாறு செய்வதில்லை என்று உறுதியளிக்கும்படியும் உத்தரவிட்டது. பின்னர் 2015இல், ஐஸ் விலையைப் பேசி உயர்த்திய கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டார ஐஸ் உற்பத்தியாளர்களுக்கு அபராதமே விதிக்கப்பட்டது.

செலவு ஏறிவிட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக விலையை உயர்த்தலாம். கூடிப் பேசி உயர்த்தக்கூடாது. ஓர் இளைஞருக்குத் தேய்மானக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது வேறு. 'நீயும் என் விலையையே வை' என்று பேசி முடிப்பது வேறு. முதலாவது கல்வி. இரண்டாவது குற்றம்.

குத்தகை எடுத்தால் பிழைக்கலாமா?

சாலையோரப் புல்லுக்குக் குத்தகை எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கெடாவில் 2011 செப்டம்பர் முதல், திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தின் கீழ், இந்தப் பணி இ-இடாமான் என்ற குத்தகை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. சிறியவர்களுக்கு அங்கே இடம் என்றால் அது பெரும்பாலும் துணைக் குத்தகைதான்.

தொழிற்சாலை, தனியார் கட்டடம், பழத்தோட்டம் போன்ற இடங்களில் விலைப்புள்ளி கேட்பார்கள். அங்கே இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. 1971இல் மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள் கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து, ஏலத்தில் வென்றவரே பல நேரம் நட்டப்படுகிறார் என்று எழுதினார்கள். பொருளாதாரத்தில் இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். ஏலத்தில் மிக அதிக மதிப்புப் போட்டவர் வெல்வார். குத்தகையிலோ மிகக் குறைந்த விலை சொன்னவர் வெல்வார். பத்துப் பேரில் மிகக் குறைந்த விலை சொன்னவர் மிகத் திறமையானவராக இருக்கலாம். செலவை மிகக் குறைத்து மதிப்பிட்டவராகவும் இருக்கலாம். கையெழுத்திட்ட பிறகு ஓராண்டுக்கு அந்த விலையிலிருந்து மீள முடியாது.

விலையைக் குறைக்காமல் செலவைக் குறைப்பது

மாமா 25க்கு இறங்கவில்லை. வேறு மூன்று மாற்றங்கள் செய்தோம்.

முதலாவது, ஒரே தெரு. ஒரு நாளில் பீடோங்கில் இரண்டு, அமான்ஜெயாவில் மூன்று என்று ஓடுவதை நிறுத்தி, ஒரு நாளுக்கு ஒரு தாமான் என்று பிரித்தோம். பயண நேரம் குறைந்ததால் ஏழு வீடுகளுக்குப் பதில் ஒன்பது முடிந்தது. அதே 245ஐ ஒன்பதால் வகுத்தால் வீட்டுக்கு 27 ரிங்கிட் சொச்சம்தான்.

இரண்டாவது, மாதக் கட்டணம். கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. புல் வளராது, அழைப்பும் வராது. ஆனால் வேன் தவணை நிற்காது. அதனால் மாதம் 50 ரிங்கிட் என்ற ஏற்பாட்டைச் சொன்னோம். மழைக்கால ஒன்பது மாதங்களில் மாதம் இருமுறை. வறண்ட மூன்று மாதங்களில் ஒருமுறை, கூடவே வேலிச்செடி வெட்டுவதும் கால்வாய் துப்புரவும். ஆண்டுக்கு 21 முறை, 600 ரிங்கிட். ஒரு முறைக்கு 28 ரிங்கிட் 57 சென். வாடிக்கையாளருக்கு 35ஐ விட மலிவு. மாமாவுக்கு ஒன்பது வீட்டுக் கணக்கில் நாளொன்றுக்கு 257 ரிங்கிட்.

மூன்றாவது, நம்பிக்கை. வேலைக்கு முன் கற்களைப் பொறுக்குவது, கார் அருகே வலை பிடிப்பது, ரசீது கொடுப்பது. முன்பு ஒருமுறை கல் தெறித்து ஒருவரின் கார்க் கண்ணாடி உடைந்தது. மாமா 385 ரிங்கிட் கொடுத்தார். அது பதினொரு வீட்டு வேலையின் முழு வரவு. பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் வெட்டுவதற்குப் பதில் களைக்கொல்லி அடித்து வேலையை மலிவாக முடிப்பதில்லை என்பதிலும் மாமா உறுதியாக இருக்கிறார். பாட்டி தோட்டத்தில் பல ஆண்டுகள் மருந்து அடித்தவர். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020இல்தான். அதற்குள் பாட்டி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வழக்கமான 62 வீடுகளில் 11 வீடுகள் மலிவான ஆளிடம் போய்விட்டன. 27 வீடுகள் மாதக் கட்டணத்துக்கு மாறின. மற்றவர்கள் பழையபடி 35 கொடுக்கிறார்கள். போன பதினொருவரில் மூவர் மட்டும் திரும்பி வந்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சென்ற வறண்ட மாதங்களில் மாமா வேன் தவணைக்குக் கடன் வாங்கவில்லை.

நமக்கு என்ன பாடம்?

நாசி லெமாக் விற்றாலும், டியூஷன் எடுத்தாலும், மருதாணி போட்டாலும் விலை சொல்லும் முன் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். இன்று கையிலிருந்து போகும் பணம் எவ்வளவு? தெரியாமல் தேய்வது எவ்வளவு? என் உழைப்புக்குக் கூலி எவ்வளவு? விபத்து நடந்தால் யார் பார்ப்பார்?

கடைசிக் கேள்விக்கு விடையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்கேசோவில் தனியாளாகவும் சேரலாம். மாமா சேர்ந்த குறைந்தபட்சத் திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 157 ரிங்கிட் 20 சென். 220 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 71 சென். மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு வீட்டு விலையில் சில சென்தான் கூடும்.

என் சித்தி மகன் எஸ்.பி.எம். எழுதிவிட்டு மெஷின் வாங்கப் போவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இது மானமுள்ள உழைப்பு. மின்கம்பத்தில் அட்டை மாட்டும் முன், அதில் எழுதப்போகும் விலைக்கு அவன் கணக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ மாமாவோ இருந்தால், அவர் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள்.