கவருக்குள்ளே யார் பெயர்?

குட்டீஸ்... உங்கள் பள்ளி ஆண்டு விழாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடை மேல் மேஜை. மேஜை மேல் வரிசையாகப் பரிசுகள். "பேச்சுப் போட்டி... முதல் பரிசு..." என்று சொல்லிவிட்டு, டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்கிறார். அந்த இரண்டு விநாடி நெஞ்சு, 'திக் திக்' என்று அடித்துக் கொள்ளுமே... அந்த இரண்டு விநாடிக்காகத்தான், வருடத்துக்கு ஒருமுறை, ஒரு திங்கட்கிழமை காலையில் நான் 'டிவி' முன் உட்கார்ந்து விடுகிறேன்.

என்ன நிகழ்ச்சி என்கிறீர்களா? ஆஸ்கர் விருது விழா!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஞாயிறு மாலை விழா நடக்கும்போது, நமக்குத் திங்கள் காலை. "பரீட்சைக்கு என்றைக்காவது இப்படி எழுந்திருக்கிறாயா?" என்று சின்ன வயதில் அம்மா திட்டுவார். பதில் சொல்ல நேரம் ஏது? அங்கே கவரைப் பிரிக்கப் போகிறார்களே!

கவர் வந்த கதை

முதல் ஆஸ்கர் விழா, 1929 மே 16ம் தேதி, ஹாலிவுட்டில் ஒரு ஓட்டலில் நடந்தது. பரிசு கொடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? 15 நிமிடம்தான்! யார் யாருக்கு விருது என்பது மூன்று மாதம் முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எங்கே இருந்து, 'திக் திக்' வரும்?

அடுத்த ஆண்டு முதல், பெயர்களை ரகசியமாக வைத்தார்கள். ஆனால், இரவு 11:00 மணிக்கு வெளியிடலாம் என்று சொல்லி, பத்திரிகைகளுக்கு மட்டும் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தார்கள். 1940ல், 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகை பொறுமையாக இருக்கவில்லை. மாலைப் பதிப்பிலேயே பட்டியலைப் போட்டுவிட்டது. விழாவுக்கு வந்தவர்கள், உள்ளே நுழையும் முன்பே முடிவைப் படித்து விட்டார்கள்!

அதனால்தான் 1941 முதல், சீல் வைத்த கவர் வந்தது. ஓட்டுகளை எண்ணுவது ஆடிட்டர்களின் வேலை. 2017 விழா வரை, முழு முடிவும் முன்பே தெரிந்தவர்கள் இருவர் மட்டுமே. அப்போது எல்லாக் கவர்களும் இரண்டு செட். ஆளுக்கு ஒரு பெட்டி. மேடையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்பார். வெற்றி பெற்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் இருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல!

நம்ம ஊர் பெயர்

2009ம் ஆண்டை மறக்க முடியுமா? 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் பெயர் பட்டியலில் இருந்தது. சிறந்த பாடலுக்குப் போட்டியிட்டவை மூன்று பாடல்கள். அதில் இரண்டு அவருடையவை! இசைக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று என இரண்டு விருது பெற்றவர், அந்த மேடையில் தமிழில், 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்றார். எங்கள் வீட்டில் அன்று இட்லி ஆறிப் போனது, யாரும் கவலைப்படவில்லை.

2023ல், முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில், ரகு என்ற குட்டி யானையை வளர்த்த பொம்மன், பெள்ளி பற்றிய, 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படம், சிறந்த ஆவணக் குறும்பட விருதை வென்றது.

ஐந்து முகங்கள்

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். பெயரை வாசிக்கும்போது, நான் ஜெயித்தவரைப் பார்ப்பதே இல்லை.

நடிகர், நடிகை விருதுகளுக்குப் போட்டியிடும் ஐந்து பேரையும், திரையில் ஐந்து கட்டங்களில் காட்டுவார்கள். பெயர் வாசித்ததும் ஒருவர் எழுந்து விடுவார். மற்ற நால்வர்? உலகமே பார்த்துக் கொண்டிருக்கிறது. ஒரே விநாடியில் ஏமாற்றத்தை விழுங்கி, சிரித்து, கை தட்ட வேண்டும். நடிப்பிலேயே கஷ்டமான நடிப்பு அதுதான்!

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஓவியப் போட்டியில் என் நண்பனுக்கு முதல் பரிசு, எனக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்; நான் மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அவன் மேடையில் இருந்து என்னைத்தான் தேடினான் என்பது, பிறகுதான் தெரிந்தது. அதனால்தானோ என்னவோ, இன்றும் என் கண் அந்த நால்வரையே தேடுகிறது.

ஆஸ்கர்காரர்களுக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். 'வெற்றி பெற்றவர்' என்று சொன்னால், மற்றவர் தோற்றவர் ஆகிவிடுகிறாரே! எனவே 1989ல், 'ஆஸ்கர் இவருக்குச் செல்கிறது' என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தார்கள்.

கையில் வந்த பரிசு

2017 விழாவில் நடந்ததைக் கேளுங்கள். கடைசி விருது, சிறந்த படம். வாரன் பீட்டி கவரைப் பிரித்தார், விழித்தார், உடன் வந்த ஃபே டனவேயிடம் காட்டினார். அவர், 'லா லா லேண்ட்' என்று வாசித்துவிட்டார். படக்குழுவினர் மேடையேறி, சிலையை வாங்கி, நன்றி சொல்ல ஆரம்பித்து விட்டார்கள்.

திடீரென்று மேடையில் பரபரப்பு! கொடுத்தது தவறான கவர். முன்பே அறிவித்து முடித்த சிறந்த நடிகை விருதின் இரண்டாவது செட் கவர், கை மாறி வந்துவிட்டது. உண்மையில் ஜெயித்த படம், 'மூன்லைட்!'

அப்போது, 'லா லா லேண்ட்' தயாரிப்பாளர் ஜோர்டன் ஹோரோவிட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அழவில்லை, சண்டை போடவில்லை. தானே மைக்குக்கு வந்து, தவறு நடந்துவிட்டது, ஜெயித்தது, 'மூன்லைட்' என்று அறிவித்தார். சரியான அட்டையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று கூறி, அந்தக் குழுவினரை மேடைக்கு அழைத்தார். கையில் வந்துவிட்ட பரிசை, நண்பர்களுக்குக் கொடுப்பதில் பெருமைப்படுவதாகச் சொன்னார்.

அன்று யார் எத்தனை விருது வாங்கினார்கள் என்று கேட்டால், எனக்குப் பாதி மறந்துவிட்டது. அந்த அட்டையைத் தூக்கிய கை மட்டும் மறக்கவில்லை.

நீங்களும் விளையாடலாம்!

அடுத்த விழா வரும்போது, ஒரு தாளில் ஜெயிக்கப் போவது யார் என்று, வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். மடித்து, பாட்டியிடம் கொடுத்து விடுங்கள், அவர்தான் ஆடிட்டர்! விழா முடிந்ததும் பிரித்துப் பாருங்கள்.

தம்பி ஜெயித்துவிட்டானா? முதல் கைத்தட்டல் உங்களுடையதாக இருக்கட்டும்!

கொசுறு

* ஆஸ்கர் சிலையின் உயரம் 13.5 அங்குலம், எடை கிட்டத்தட்ட நான்கு கிலோ. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாட்டால், மூன்று ஆண்டுகள் பிளாஸ்டர் சிலைதான் கொடுத்தார்கள்.

* 'ஸ்னோ ஒயிட்' படத்துக்காக, 1939ல் வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும், ஏழு குட்டிச் சிலைகளும் தந்தார்கள். ஏழு குள்ளர்கள் ஆயிற்றே! வழங்கியவர், குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள்.

* 1974ல், சிறந்த துணை நடிகை விருது பெற்ற டேட்டம் ஓ'நீலுக்கு, அப்போது வயது 10!