தாய்லாந்தில் 90 ஆண்டு குத்தகை: பதிவாவது 30 மட்டுமே

தாய்லாந்தில் வெளிநாட்டவர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கலாம். நிலம் வாங்க முடியாது. வெளிநாட்டவர் நிலம் வைத்துக்கொள்ள நாடுகளுக்கிடையே உடன்படிக்கை வேண்டும் என்பது நிலச் சட்டத்தின் 86ஆவது பிரிவு. அப்படிப்பட்ட உடன்படிக்கைகள் 1970இலேயே முடிவுக்கு வந்துவிட்டன. நான்கு கோடி பாத் முதலீடு செய்தால் குடியிருக்க ஒரு ராய், அதாவது 1,600 சதுர மீட்டர் நிலம் வாங்கலாம் என்று 1999இல் ஒரு விலக்கு வந்தது. ஆனால் அதற்கு உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும், முதலீட்டை ஐந்து ஆண்டுகள் எடுக்கவும் கூடாது. 2022 அக்டோபரில் இந்த நிபந்தனையைத் தளர்த்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாட்டை விற்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2024இல் குத்தகைக் காலத்தை 99 ஆண்டாக உயர்த்த ஆராயும்படி நிலத் துறைக்கு உத்தரவு போனது. சொத்து முகவர்களின் விளம்பரங்களில் இத்தகைய அறிவிப்புகள் அடுத்த நாளே சட்டமாகிவிடும். அரசிதழில் வரும்வரை அவை அறிவிப்புகள் மட்டுமே.

தாய்லாந்தில் வருமான வரிக் கணக்கைத் தாளில் தாக்கல் செய்ய மார்ச் 31 கடைசி நாள். அந்தத் தேதி நெருங்கும்போது வரும் வாசகர் கடிதங்களில், குத்தகைக்கு எடுத்ததைச் சொந்தமாக வாங்கியதாக நினைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள் மிகுதி. புக்கெட்டிலும் கோ சமுயியிலும் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் வெளிநாட்டவருக்கு "90 ஆண்டு உரிமை" என்ற பெயரில் விற்கப்படுவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அந்த 90 எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தாய்லாந்தின் உரிமையியல் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பில் 540ஆவது பிரிவு, அசையாச் சொத்தின் குத்தகை 30 ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்கு மேல் எழுதினாலும் 30 ஆகக் குறைக்கப்படும். காலம் முடிந்ததும் புதுப்பிக்கலாம். அதுவும் புதுப்பிக்கும் நாளிலிருந்து 30 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது 538ஆவது பிரிவு. விற்பனையாளர் இந்த இரண்டுக்கும் இடையில் நுழைகிறார். முதல் 30 ஆண்டுக் குத்தகை பதிவாகிறது. அடுத்த 30, அதற்கடுத்த 30 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவேன் என்று நில உரிமையாளர் அதே ஒப்பந்தத்திலோ தனித் தாளிலோ கையெழுத்திடுகிறார். மூன்றையும் கூட்டி 90 என்று சொல்லி, 90 ஆண்டுக்கும் சேர்த்துப் பணத்தை முன்னதாகவே வாங்கிவிடுகிறார்கள்.

நிலப் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். சனோட் எனப்படும் முழு உரிமைப் பத்திரத்தின் தலைப்பில் சிவப்பு நிறத்தில் கருடன் இருக்கும். முன்பக்கத்தில் நிலத்தின் வரைபடமும் அளவும் உரிமையாளர் பெயரும் இருக்கும். விற்பனை, அடமானம், குத்தகை எல்லாம் தேதிவாரியாகப் பின்பக்கத்தில் ஏறும். 90 ஆண்டு வீட்டின் பத்திரத்தில் அங்கே இருப்பது 30 ஆண்டுக் குத்தகைப் பதிவு ஒன்றுதான். அடுத்த அறுபது ஆண்டு பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது, ஏனென்றால் அதிகாரி அதைப் பதிய மாட்டார். முன்பக்கத்தில் உரிமையாளராக இருப்பவரும் நிலக்காரர்தான்.

பதிவில் ஏறாத அந்த வாக்குறுதி, கொடுத்தவரை மட்டும் கட்டும் தனிப்பட்ட வாக்கு என்பதே தாய்லாந்து உச்ச நீதிமன்றத்தின் நெடுங்கால நிலைப்பாடு. நிலம் கைமாறினால் 569ஆவது பிரிவின்படி புதிய உரிமையாளர் மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்தை மதித்தாக வேண்டும். புதுப்பித்துத் தரும் வாக்கு அவரைக் கட்டாது. முப்பது ஆண்டில் நிலம் விற்கப்படலாம், ஏலத்துக்குப் போகலாம், நிலத்தை வைத்திருக்கும் நிறுவனமே கலைக்கப்படலாம். கையெழுத்திட்டவரே கடைசிவரை உரிமையாளராக இருந்தாலும் நிம்மதி கிடையாது. தொடக்கத்திலேயே மூன்று தவணையையும் கட்டிப்போடுவது 30 ஆண்டு வரம்பை ஏய்க்கும் வேலை என்று பார்த்து, புதுப்பிப்புப் பகுதியைச் செல்லாததாக்கிய தீர்ப்பும் உண்டு.

ஒரு கோடி பாத் விலையுள்ள வீட்டை எடுத்துக்கொண்டால், 90 ஆண்டு என்று நம்பும் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 1.11 லட்சம் பாத் தருவதாக நினைக்கிறார். சட்டம் உறுதி தரும் 30 ஆண்டால் வகுத்தால் 3.33 லட்சம் ஆகிறது. வீட்டின் உண்மையான விலை இந்த இரண்டாவது எண்தான். ஐம்பது வயதில் வாங்கும் ஒருவருக்கு எண்பது வயதில், இடம் மாறவே இயலாத நேரத்தில், குத்தகை முடிகிறது. முதியவரைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடிய ஓர் ஏற்பாட்டை "உரிமை" என்ற பெயரில் விற்பதைச் சாதாரண வணிக மிகைப்படுத்தல் என்று விட்டுவிட முடியாது.

குத்தகைக்காரர் இறந்தால் குத்தகையும் முடியும் என்பது பொதுவிதி. வாரிசுக்குப் போக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் அதைத் தனியாக எழுத வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க 2019இல் சப்-இங்-சித் என்ற புதிய உரிமைக்குச் சட்டம் வந்தது. அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்கும் போகும். முதலீட்டாளருக்குப் பெரிய பாதுகாப்பு என்று அரசு அதை முன்வைத்தது. காலவரம்பு மட்டும் அதே 30 ஆண்டு. நிலம் ஒருவருக்கும் மேலுள்ள கட்டடம் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்னும் உரிமையியல் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பின் 1410ஆவது பிரிவு பழையது, ஆனால் வீடு கட்டிக் குடியேறுவோருக்குக் கூடுதல் பயனுள்ளது. அந்த உரிமையை ஆயுட்காலத்துக்கும் பதிவு செய்யலாம்.

குத்தகை வேண்டாம் என்பவர்களுக்கு முகவர்கள் காட்டும் அடுத்த வழி பினாமி நிறுவனம். 51 விழுக்காடு பங்கு தாய்லாந்துக்காரர்கள் பெயரிலும் 49 விழுக்காடு வெளிநாட்டவர் பெயரிலும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பெயரில் நிலத்தை வாங்குவார்கள். பங்குதாரராகக் காட்டப்படுபவர் காசு எதுவும் போட்டிருக்க மாட்டார். தேதியிடாத பங்கு மாற்றப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதும் வழக்கம். இது தெளிவான சட்டமீறல். நிலச் சட்டத்தின்படி பினாமிக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் பாத் வரை அபராதமும் உண்டு. நிலத்தை 180 நாளிலிருந்து ஓராண்டுக்குள் விற்றுவிட உத்தரவு வரும். விற்காவிட்டால் நிலத் துறையே விற்கும். சட்டத்துக்குப் புறம்பான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்பதால், பினாமி ஏமாற்றினால் வழக்குப் போடவும் வழியில்லை. இத்தனை காலமும் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்ற பதில், சோதனை வரும் நாளில் உதவாது.

மிச்சமிருக்கும் நேர்வழி அடுக்குமாடிக் குடியிருப்பு. 1979ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டம், ஒரு வளாகத்திலுள்ள எல்லா வீடுகளின் மொத்தத் தரைப்பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் சொந்தமாக வைத்துக்கொள்ள இடம் தருகிறது. கணக்கிடப்படுவது வீடுகளின் எண்ணிக்கை அல்ல, தரைப்பரப்பு. அந்த ஒதுக்கீடு நிரம்பிய பிறகு மிஞ்சும் வீடுகளும் வெளிநாட்டவரிடம் விற்கப்படுகின்றன, குத்தகையாக. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று பார்ப்பது போல, அங்கே வளாக நிர்வாகத்திடம் ஒதுக்கீட்டுச் சான்றும் நிலுவை இல்லாச் சான்றும் வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

வீட்டுக்கான பணம் வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியாக வந்து, தாய்லாந்து வங்கியில் பாத் ஆக மாற வேண்டும். வீடு வாங்குவதற்கென்று குறித்து வங்கி தரும் சான்று இல்லாமல் நில அலுவலகம் வெளிநாட்டவர் பெயருக்கு வீட்டை மாற்றாது. பணத்தை வெளிநாட்டிலேயே பாத் ஆக மாற்றி அனுப்பினால் அந்தச் சான்று கிடைக்காது. பின்னாளில் விற்ற பணத்தை வெளியே எடுக்கவும் அந்தத் தாளே ஆதாரம்.

மார்ச் 31 இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் தங்கியவர் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளர். முன்பெல்லாம் வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தால் மட்டுமே வரி. ஓர் ஆண்டு காத்திருந்து கொண்டுவந்தால் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வருமானத்தை எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும் வரி உண்டு. இது புதிய வரி அல்ல, பழைய பிரிவின் சரியான விளக்கம் மட்டுமே என்கிறது வருவாய்த் துறை. பத்தாண்டுக் கணக்கில் அதே துறை ஏற்ற ஒன்றுக்கு இப்போது வரி கேட்டால், கட்டுபவருக்கு அது புதிய வரிதான். பணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தால்தான் வீடு என்கிறது ஒரு சட்டம். கொண்டுவந்ததாலேயே வரி என்கிறது இன்னொன்று.

2023 டிசம்பர் 31 வரை சேர்ந்த பணத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே அன்றைய தேதியில் ஒவ்வொரு கணக்கிலும் இருந்த இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய சேமிப்பு தனிக் கணக்கிலும் புதிய சம்பளமும் வாடகையும் வேறு கணக்கிலும் இருந்தால் நிரூபிப்பது எளிது. 180 நாள் தங்காத ஆண்டில் ஈட்டிய பணத்தைக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கலே எழாது. இந்தியாவில் கட்டிய வரியை இரு நாட்டு இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையின்படி கழித்துக்கொள்ளலாம்.

மற்ற கேள்விகள் சில. வீடு வாங்கினால் விசா கிடைக்குமா? சாதாரணமாகக் கிடைக்காது.

ஓய்வுக்கால விசாவுக்கு என்ன வேண்டும்? ஐம்பது வயதும், வங்கியில் எட்டு லட்சம் பாத் அல்லது மாதம் 65,000 பாத் வருமானமும்.

சொந்த வீட்டில் தங்கினாலும் தகவல் தர வேண்டுமா? வெளிநாட்டவர் தங்கும் எந்த வீடானாலும் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

தாய்லாந்துக்காரரை மணந்தவர் துணையின் பெயரில் நிலம் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் துணையின் தனிச்சொத்து என்று இருவரும் எழுதித் தர வேண்டும்.

காண்டோமினியம் வீடு வாரிசுக்குப் போகுமா? போகும், வெளிநாட்டு வாரிசுக்குச் சட்டத் தகுதி இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் விற்க வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவர் எவ்வளவு அனுப்பலாம்? ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை.

தாய்லாந்து வீட்டை இந்திய வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா? இந்தியாவின் சாதாரணக் குடியிருப்பாளர் என்ற வரிநிலையில் உள்ளவர் கட்டாயம் காட்ட வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024இல் தரப்பட்ட தளர்வு வீடு, நிலங்களுக்குக் கிடையாது.