கோழி வராத கோழிக் கூட்டம்: வீட்டுக்கோழி வளர்ப்போர் ஒன்றுகூடலைத் திட்டமிடுதல்

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது பழமொழி. கோழி மிதித்துச் சாகாதுதான். ஆனால் நோய் கிடந்த வளவுக்குப் போய்வந்த செருப்பு மிதித்த இடத்தில் குஞ்சு சாகும். தாய்க்கோழியும் சேவலும் சேர்ந்தே சாகும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் உம்மாவின் வளவில்தான் படித்தேன்.

உம்மாவிடம் பதினான்கு ஊர்க்கோழிகள் இருந்தன. ஒரு பெருநாள் விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அவர்கள் அன்பாகத் தந்த ஒரு பேட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, மற்றக் கோழிகளோடு அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அது இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கத் தொடங்கியது. பிறகு மற்றவையும் தூங்கின. பச்சையாகக் கழிந்தன. இரண்டுக்குக் கழுத்து முறுகிப் போனது. பத்து நாளில் எங்கள் கூடு காலி. அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் இன்னும் ஐந்து வீட்டுக் கூடுகள் காலி. “அல்லாஹ்ட நாட்டம் புள்ள” என்று உம்மா சொன்னா. ஒழுங்கையிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்தக் கோழியைக் கொண்டுவந்தவள் நான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பின்னொரு நாள் நாங்கள் கூட்டிய ஒரு கூட்டத்தில்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்தை எப்படித் திட்டமிட்டோம், ஏன் அப்படித் திட்டமிட்டோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

சின்ன விசயமா?

கோழி வளர்ப்போருக்கு ஒரு கூட்டமா என்று சிரிக்கலாம். எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களில் ஐந்து கோழியும் ஒரு சேவலும் என்பது ஒரு பெண்ணின் சொந்தப் பணப்பை. முட்டை விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்குப் போகும், சீட்டுக்குப் போகும், யாருக்கும் தெரியாமல் ஒரு சதக்காவாகவும் போகும். திடீரென்று விருந்தாளி வந்தால் சேவல் கைகொடுக்கும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோழித்தீவனம் தட்டுப்பட்டு, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தபோது, தவிடும் குறுணலும் மிஞ்சிய சோறும் தின்று வளர்ந்த கோழியின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. கூடே இல்லாத வீடுகளிலும் அப்போது கூடு அடித்தார்கள். கோழிகள் கூடின, கோழியைப் பற்றிய அறிவு அந்த அளவுக்குக் கூடவில்லை.

எதிரி யார்?

கீரியும் பருந்தும் ஒவ்வொன்றாகத்தான் தூக்கும். கூட்டோடு அழிப்பது இராணிக்கெட் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இது அடையாளம் காணப்பட்டது. அதனால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது. வட இந்தியாவின் ராணிகேத் என்ற மலையூரின் பெயரால் நாம் அழைக்கிறோம். இது வைரசு நோய். வந்த பின்னர் குணமாக்க மருந்தில்லை. மஞ்சளும் வெங்காயமும் அரைத்துப் பருக்குவது நம் மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

வைரசு உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள். இந்த இடைவெளிதான் ஆபத்து. பார்வைக்குத் துடியாக நிற்கும் கோழியே நோயைக் கொண்டு திரியும். அதன் எச்சம், செருப்பு, கூடை, சைக்கிள் சில்லு எல்லாவற்றிலும் நோய் பயணம் செய்யும்.

தடுப்பு மருந்து உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளை நம் நாட்டிலேயே தயாரிக்கிறது. பிறகு ஏன் நம் கோழிகள் சாகின்றன? மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமான போத்தலாக வருகிறது. நம்மிடம் இருப்பதோ ஏழெட்டுக் கோழி. கரைத்த மருந்தைச் சில மணித்தியாலங்களுக்குள் பாவித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. பண்ணைக்காரருக்கு ஒரு போத்தல் கணக்கு ஒத்துவரும். நமக்கு ஒத்துவராது. ஆனால் இருபத்தைந்து வீட்டுக்காரர் ஒரே காலையில் தயாராக நின்றால், இருநூறு கோழிக்கான ஒரு போத்தல் சரியாகப் போதும்.

ஆகவே நமக்கு இல்லாதது மருந்தல்ல, எல்லோருக்கும் பொதுவான ஒரு நாள். அந்த நாளைக் குறிப்பதற்குத்தான் கூட்டம். இது தெளிவானால் மற்றத் திட்டமெல்லாம் தானாக ஒழுங்காகும். மொசாம்பிக், தன்சானியா போன்ற நாடுகளின் கிராமங்களிலும் இதே வழியில்தான் வேலை செய்தார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கெல்லாம் ஒரே நாளாகக் குறித்து, ஊர்ப் பெண்களையே பழக்கி, கோழிகளின் கண்ணில் மருந்து விட்டார்கள்.

கோழியைக் கொண்டுவர வேண்டாம்

கூட்டம் என்றதும் முதலில் வந்த யோசனை கண்காட்சி. “டீச்சர், என்ட சேவலக் கொண்டுவரவா? பாத்தா எல்லாரும் அசந்து போவாங்க” என்று ஒரு ராத்தா கேட்டா. நல்ல சேவல்தான். ஆனால் இருபத்தைந்து வளவுக் கோழிகளை ஒரே பந்தலின் கீழ் வைப்பது நோய்க்கு நாமே விருந்து வைப்பதாகும். “நீங்க மட்டும் வாங்க ராத்தா. சேவல போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க” என்றேன். அவவுக்கு மனம் நொந்தது. பிறகு நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுபோக வேண்டாமென்று தடுத்த நபிமொழியை நினைவூட்டியதும் ஏற்றுக்கொண்டா. கூட்டத்துக்குக் கோழி, குஞ்சு, கூடை, அடைமுட்டை எதுவும் வரக் கூடாது. விற்பனையும் கைமாற்றும் கூடாது. கூட்டத்துக்குக் கூட்டில் கால்வைத்த செருப்போடு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும்.

முஸ்தீபுகள்

முதல் வேலை கணக்கு. இரண்டு கிழமைக்கு முன்பே எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். போத்தல் எத்தனை வேண்டும் என்பதை இந்தக் கொப்பிதான் சொல்லும். வளவுக்குள் போகாமல் வாசலில் நின்றே கேட்டு எழுதலாம். அதோடு பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் மருந்து எப்போது கிடைக்கும், வைத்தியருக்கு எந்த நாள் வசதி என்று கேட்டு வைக்க வேண்டும். நாளை நாம் குறித்துவிட்டு அவரைத் தேடினால் நடக்காது. போயா நாளிலும் சனி ஞாயிறிலும் அலுவலகம் இயங்காது.

இரண்டாவது நேரம். ஊர்க்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மஃரிபுக்குப் பின் கூட்டம் வைத்தால் கோழி வளர்க்காத ஆண்கள் வந்து கதிரையை நிரப்புவார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின், லுஹருக்குச் சமைக்க முன், காலை ஒன்பதரையிலிருந்து பதினொரு மணி வரை என்பது எங்களுக்குச் சரியாக வந்தது. நோன்பு மாதத்தையும் மாரி மழை காலத்தையும் தவிர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் ஒழுங்கையெல்லாம் வெள்ளம். அதற்கு முன்பே முதல் சுற்று முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது இடம். யாருடைய வளவும் வேண்டாம். கோழி திரியாத இடமாக, பாலர் பாடசாலை மண்டபம் போல ஒன்று போதும். மேடை, பொன்னாடை, பிரதம அதிதி தேவையில்லை. ஒரு பிரமுகரை அழைத்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெண்கள் சோறாக்க எழும்பிப் போய்விடுவார்கள்.

நான்காவது அழைப்பு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்வது நல்லது. ஆனால் அதைக் கேட்டு வருபவர் குறைவு. ஒழுங்கைக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கி வாசல் வாசலாகச் சொல்லச் செய்தோம். வட்ஸ்அப் உள்ளவர்களுக்கு அதிலும் அனுப்பினோம். செலவு பிளேன்டீயும் பிஸ்கட்டும் மட்டும். “கோழி புரியாணி இல்லையா?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

ஒன்றரை மணித்தியாலம்

முதல் இருபது நிமிடம் வைத்தியருக்கு. இராணிக்கெட், கோழி அம்மை ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் பேசும்படி கேட்டுக்கொண்டோம். எல்லா நோயையும் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. அடுத்த இருபது நிமிடம் ஊரில் கைராசிக்காரி எனப் பெயரெடுத்த ஒரு மூத்தம்மாவுக்கு. அடைக்கு வைத்த ஏழாம் நாள் இருட்டறையில் போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்து, நரம்பு ஓடினால் கரு, ஓடாவிட்டால் கூழ்முட்டை என்று அவ காட்டினா. அதற்குக் கடையில் வாங்கிய சாப்பாட்டு முட்டை ஒன்றே போதுமாக இருந்தது. கரு இல்லாத முட்டை எப்படித் தெரியும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். இருபத்தொரு நாளில் பொரித்த குஞ்சுகளை முதல் மூன்று நாலு கிழமை தாயோடு அடைத்து வளர்த்தால் பருந்துக்கும் காகத்துக்கும் போவது குறையும் என்றும் சொன்னா.

மூன்றாவது பகுதிதான் முக்கியம், நடத்துவதற்கும் கடினம். கடைசியாகக் கோழி செத்தபோது என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நான் என் கதையைச் சொன்னேன். “அந்தப் பேட்டுக்கோழியக் கொண்டு வந்தது நான்தான்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த நேரத்தில் எட்டுக் கோழி இழந்த பக்கத்து வீட்டு மாமி முன்னால்தான் இருந்தா. “அது எனக்குத் தெரியும் மகள். நான் மட்டும் என்ன, நோயெண்டு தெரிஞ்சதும் மிச்சம் ரெண்டையும் வித்துட்டன்தானே” என்றா. அதன் பிறகு எல்லோரும் பேசினார்கள். செத்த கோழியை ஆற்றில் எறிந்தவரும், சாகுமுன் அறுத்து விற்றவரும் அங்கே இருந்தார்கள். யாரும் கெட்டவரல்ல. நட்டத்துக்குப் பயந்தவர்கள், பழிக்குப் பயந்தவர்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நாலு உடன்பாடு. கோழி தூங்கினால் அன்றைக்கே ஒழுங்கைப் பொறுப்பாளரிடம் சொல்வது. நோய் புகுந்த கூட்டிலிருந்து எதையும் விற்பதோ கொடுப்பதோ இல்லை. செத்ததை ஆழமாகப் புதைப்பது. புதுக் கோழி வந்தால் இரண்டு கிழமை தனியாக அடைப்பது. சொன்னவரைப் பழிப்பதில்லை என்பதை எழுதாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு மருந்து விடும் நாளைக் குறித்துவிட்டுக் கலைந்தோம்.

மருந்து விடும் காலை

கூட்டத்துக்கு ஒரு கிழமைக்குள் அந்த நாள் வர வேண்டும். தள்ளினால் ஆர்வம் ஆறிவிடும். முதல் இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்து, சுபஹுக்குப் பின் திறக்காமல் வைத்திருந்தால் துரத்திப் பிடிக்கும் பாடு இல்லை. மருந்து ஐஸ் பெட்டியில், 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வர வேண்டும். வெயில் படக் கூடாது. நாம் ஊசி என்று சொன்னாலும் இது கண்ணில் விடும் ஒரு சொட்டுத்தான். வைத்தியரின் உதவியாளர் காட்டித்தர, எங்கள் பெண்கள் இருவர் பழகிக்கொண்டார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வீடு வீடாகப் போகும் நாமே நோயைக் காவக் கூடாது. ஒவ்வொரு வளவிலும் கையையும் செருப்பையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும். மற்றது, ஏற்கனவே நோய் புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாது. மருந்து நோயைக் குணமாக்காது. பாதுகாப்பு வருவதற்கே ஒன்றிரண்டு கிழமை செல்லும். நோய்க்கோழிக்கு மருந்து விட்டு அது மறுநாள் செத்தால், “ஊசியாலதான் செத்தது” என்ற கதை ஊரெல்லாம் பரவும். அடுத்த முறை ஒருவரும் கூட்டைத் திறக்க மாட்டார்கள்.

அதன் பிறகு

கூட்டம் முடிந்தால் வேலை முடியாது. அடுத்த சுற்றுக்கான திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எங்களுடைய இரண்டாம் சுற்றுக்கு முதல் சுற்றைவிடக் குறைவானவர்களே வந்தார்கள். நோய் வராத காலத்தில் மருந்தின் நினைப்பும் வராது. இரண்டு வீடுகள் வேண்டவே வேண்டாம் என்றன.

அந்த இரண்டில் ஒரு வீட்டில்தான் அந்த மாரியில் கோழி தூங்கத் தொடங்கியது. மருந்து வேண்டாம் என்ற அதே பெண், வெட்கத்தை விட்டு அன்றைக்கே வந்து சொன்னா. பொறுப்பாளர் எல்லா வாசலிலும் செய்தி சொல்ல, ஒழுங்கை முழுக்கக் கூடுகளை அடைத்தோம். அவவுடைய ஏழு கோழியும் போயின. மற்ற வீடுகள் தப்பின. மருந்து காப்பாற்றியதா, அவ வந்து சொன்னது காப்பாற்றியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த மாதம் அந்த மூத்தம்மா தன்னுடைய பேட்டை அடைக்கு வைத்தா. பொரித்த குஞ்சுகளில் நாலை, சொட்டு மருந்து விட்டபின், அந்த வீட்டுக்கு அனுப்பினா.