வென்ற களங்கள் பல. நிரம்பாத வயிறுகள் ஆயிரம்
சித்தூர்ச் சீமையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்

நகரி: நகரிக்குத் தென்மேற்கே உள்ள சோளிங்கர், நரசிம்மர் மலைக்குப் பெயர் பெற்ற ஊர். 1781 செப்டம்பர் 27-ல் அது போர்க்களமாக இருந்தது. மைசூர் ஹைதர் அலியின் படையை அங்கு எதிர்கொண்டவர், ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்.

அயர்லாந்தில் 1726-ல் பிறந்த கூட், 1754-ல் இந்தியா வந்தார். 1757-ல் பிளாசிப் போரில் பங்கேற்றார். 1760-ல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்று, மறு ஆண்டு புதுச்சேரியையும் கைப்பற்றினார். தென்னகத்தில் பிரெஞ்சு ஆதிக்கக் கனவு அத்துடன் கலைந்தது. 1779-ல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகத் திரும்பிய அவருக்கு வழங்கப்பட்ட படிச்செலவு, அயோத்தி நவாபின் தலையில் சுமத்தப்பட்டது.

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கினர். கலங்கிப்போன சென்னைக்கு, வங்காளத்திலிருந்து கூட்டை அனுப்பினார் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையிலும் அடுத்துச் சோளிங்கரிலும் கூட் வென்றார்.

ஆனால், எந்த வெற்றியையும் அவரால் முழுமையாக்க இயலவில்லை. துரத்திச் செல்லக் குதிரைப்படை போதவில்லை. பாரம் இழுக்க மாடுகள் இல்லை. படைக்கு அரிசி இல்லை. சோளிங்கர் வெற்றிக்குப் பின் அவர் நாடிய இடம், கார்வேட்டிநகரத்து பொம்மராஜ பாளையம். நோக்கம் நிலமல்ல, நெல். நவம்பரில் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோதும், எதிர்பார்த்த அளவு தானியம் அங்கு இல்லை.

எதிரிக்கு உணவு கிட்டாதபடி ஹைதரின் படை கர்நாடகச் சீமையின் வயல்களையும் கிராமங்களையும் எரித்தது. எஞ்சியதைத் தேடிக் கம்பெனிப் படை அலைந்தது. இரண்டுக்கும் இடையில் சிக்கியவர் உழவர். சென்னையை நோக்கிப் பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் திரண்டனர். 1782-ல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கஞ்சித்தொட்டியே பின்னாளில் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது.

போரை நடத்திய இருவருமே அதன் முடிவைக் காணவில்லை. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் காலமானார். திப்பு வந்து சேரும்வரை அம்மரணம் மறைக்கப்பட்டது. பக்கவாதத்தால் தளர்ந்து வங்காளம் சென்றிருந்த கூட், 1783 ஏப்ரலில் சென்னைக்குத் திரும்பிய சில நாள்களில் இறந்தார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கையின்படி இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தன. எல்லைகள் பழையபடி ஆயின.

கூட்டுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நினைவுச் சின்னம் உண்டு. ஹைதருக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பஸ் உண்டு. எரிந்த வயல்களுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அயர் கூட்டின் வரலாற்றைப் படிப்போர், அவர் வென்ற களங்களோடு அவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.