வீதியிலும் வேண்டும் பொறுமை

காலை 7 மணியளவில் பொரளைச் சந்தியைக் கடந்து பாடசாலைக்கு வருபவர்களுக்கு இக்காட்சி புதியதல்ல. பஸ் வண்டிகள், பாடசாலை வேன்கள், முச்சக்கர வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள் யாவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சமிக்ஞை விளக்கு பச்சையாக மாறியதும், முன்னால் நிற்பவர் வண்டியை நகர்த்துமுன்பே பின்னாலிருந்து ஹோர்ன் ஒலிகள் எழும். 7.30க்குப் பாடசாலை தொடங்கிவிடும், எல்லோருக்கும் அவசரம். ஆனால் இந்த அவசரம் நம்மை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 15 நிமிடங்கள் தேவை. 50 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் 12 நிமிடங்கள். மிச்சம் 3 நிமிடங்கள்தான். அதையும் வழியிலுள்ள இரண்டொரு சிவப்பு விளக்குகள் விழுங்கிவிடும். ஆனால் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு சாரதியின் கால் பிரேக்கை அழுத்துமுன்பே அத்தூரம் கடந்துவிடலாம்.

நெரிசல் எப்படி உண்டாகிறது என்பதை அறிய ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்து, 2008 இல் அதன் முடிவை வெளியிட்டனர். 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 வாகனங்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். பாதையில் தடை எதுவும் இல்லை. இருந்தும் சற்று நேரத்தில் சில வாகனங்கள் நின்று நின்று நகரத் தொடங்கின. ஒருவர் சிறிது வேகத்தைக் குறைக்க, பின்னால் வருபவர் இன்னும் கூடுதலாகக் குறைக்க, அதற்கும் பின்னால் ஒருவர் நின்றே விடுகிறார். நம் வீதிகளில் திடீரென்று குறுக்கே புகுந்து முந்துபவர் செய்வதும் இதுவே. அவர் போய்விடுவார், அவருக்குப் பின்னால் ஒரு வரிசை தேங்கி நிற்கும். முன்னால் இடைவெளி விட்டுச் செல்பவர் ஏமாளி அல்லர். அவர் நெரிசலைத் தணிப்பவர்.

சந்தியில் மறுபக்கம் இடமில்லை என்று தெரிந்தும் வண்டியை நடுவே கொண்டுபோய் நிறுத்துவது இன்னொரு தவறு. விளக்கு மாறியதும் குறுக்கு வீதியில் வருபவர்களும் அடைபட்டுப் போகிறார்கள். அவர்களிடையே அம்பியூலன்ஸ் வண்டி ஒன்றும் இருக்கலாம். 2016 இல் ஆரம்பமான 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவை இன்று எத்தனையோ பேருக்குக் கைகொடுக்கிறது. சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் பொரளையில்தான் இருக்கிறது. அந்த வண்டியில் படுத்திருப்பது யாருடைய பிள்ளை என்று நாம் அறியோம்.

நெரிசலில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நம் மார்க்கத்திலேயே அழகிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 10 ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது, பெருந்திரளான மக்கள் அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்குப் புறப்பட்டனர். ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் சத்தம் பின்னாலிருந்து கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மக்களை நிதானமாக வரும்படி பணித்தார்கள். விரைந்து செல்வதில் நன்மை இல்லை என்றும் உணர்த்தினார்கள். தமது ஒட்டகத்தின் கடிவாளத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் மிதமாகச் சென்ற அவர்கள், இடைவெளி கிடைத்தபோது வேகத்தைக் கூட்டினார்கள் என்றும் ஹதீஸ்களில் காண்கிறோம். ஆகவே பொறுமை என்பது எப்போதும் ஊர்ந்து செல்வதன்று, இடமறிந்து செல்வது. பாதைக்குரிய கடமைகளை எடுத்துரைத்தபோது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அவர்கள் அவற்றுள் ஒன்றாகக் கூறினார்கள்.

வீதியில் காட்டும் மரியாதைக்குப் பணம் செலவில்லை. பாதசாரிக் கடவையில் ஒரு வாகனம் நின்றால் அதை முந்தாதிருப்போம். அதன் மறைவில் ஒரு மாணவி கடந்துகொண்டிருக்கக்கூடும். ஹோர்னை எச்சரிக்கைக்கு மட்டும் பயன்படுத்துவோம், கோபத்தைக் காட்ட அல்ல. வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வோம்.

பெற்றோரே, பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த வண்டிக்காரரைப் பார்த்து நீங்கள் சொல்லும் சொல்லும், விட்டுக்கொடுக்கும் ஓர் இடமும் அதற்குப் பாடங்களே.

மாணவிகளாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாப்பாவின் அவசரத்துக்கும் வேன் சாரதியின் அவசரத்துக்கும் பல நாட்களில் நாமே காரணம். கட்டிலிலிருந்து எழும்பச் சுணங்கிய 10 நிமிடத்தை வீதியில் மீட்டுத் தரும்படி அவர்களை நெருக்குகிறோம். 18 வயதானதும் நம்மில் பலர் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவோம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலை 10 நிமிடம் முந்திப் புறப்படுவதிலிருந்தே வீதியின் பொறுமையை நாம் தொடங்கலாம்.