மூன்றில் இரண்டு பங்கு வானம்

கள்ளக்குறிச்சியில் என்னிடம் கிராஸ் ஸ்டிச் பழக வரும் பெண்கள் கிளி, மயில், ரோஜாப்பூ, பிள்ளையார் எல்லாவற்றையும் மளமளவென்று போட்டு முடித்துவிடுவார்கள். மலையும் வயலுமாக ஒரு படத்தை நீட்டினால்தான் முகம் சுருங்கும். "என்னக்கா இது, பாதிக்கு மேல வெறும் வானம். யாரு உக்காந்து தைக்கிறது?" என்பார்கள். அந்த வெறும் வானத்தாலேயே பேர் வாங்கிய ஓவியர் ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் நான் பாடப்புத்தகமாக வைத்திருக்கிறேன்.

யாக்கப் வான் ரைஸ்டால். நெதர்லாந்தின் ஹார்லம் நகரத்துக்காரர். பிறந்தது 1628 அல்லது 1629; இறந்தது 1682. அது பரோக் காலம். பரோக் என்றால் ரோம் நகரத் தேவாலயக் கூரைகளும் தங்க முலாமும் அரண்மனை ஆடம்பரமும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஹாலந்தில் நிலைமை வேறு. அங்கே படம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகளும் கைத்தொழில்காரர்களும். வீட்டுச் சுவரில் மாட்ட அவர்களுக்குத் தெரிந்த ஆறும் காற்றாலையும் மணல்மேடும் வேண்டும். அதனால் அங்கே நிலக்காட்சி ஓவியம் செழித்தது. படங்களும் சாதாரண வீட்டுச் சுவர் தாங்கும் அளவில் இருந்தன.

தையல்காரிக்கென்றே வரைந்ததுபோல் அவருடைய படம் ஒன்று உண்டு. ஹார்லம் நகரை மணல்மேட்டிலிருந்து பார்க்கும் காட்சி, 1670-75 வாக்கில் வரைந்தது. த ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 62 செ.மீ., உயரம் 55.5 செ.மீ. மேலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேகம். அடிவானத்தில் புனித பாவோ தேவாலயம் தலைதூக்கி நிற்கிறது. கீழே பச்சைப் புல்வெளியில் நீள நீளமாக வெள்ளைப் பட்டைகள்.

அந்தப் பட்டைகள் லினன் துணி. ஹார்லம் துணி வெளுப்புக்குப் பேர்போன ஊர். துணியைக் காரநீரில் ஊறவைப்பார்கள், மோரில் ஊறவைப்பார்கள், மணல்மேட்டின் சுத்தமான தண்ணீரில் அலசிப் புல்லின்மேல் விரித்து வெயிலுக்கு விடுவார்கள். நம் ஊரில் உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்த வேலையை அங்கே மோரும் புல்வெளியும் செய்தன. துணி காயும் படத்தைத் துணியிலேயே தைப்பதில் எனக்கு ஒரு தனிக் குஷி.

ஆனால் நான் பார்க்கச் சொல்வது வெளிச்சத்தை. மேகங்கள் நிலத்தின்மேல் நிழல் போட்டுக்கொண்டு போகின்றன. வெயில் எல்லா இடத்திலும் விழவில்லை. துணி விரித்த வயலில் ஒரு திட்டு, தூரத்தில் மெல்லிய கீற்று, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் மேடு இருட்டு. இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு என்று மாறி மாறி வருவதால்தான் தட்டையான நிலம் மைல் கணக்கில் விரிகிறது. மேகத்தை எடுத்துவிட்டால் படமே இல்லை. பல பேர் செய்கிற மாதிரி வானத்துக்கு ஒரே நீலத்தை நிரப்பினால் கீழே எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் காலண்டர் படம்தான் மிஞ்சும்.

இனி ஊசி. கிராஸ் ஸ்டிச் என்பது சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். ஒரு கட்டத்துக்கு ஒன்று. துணி மேட்டியோ அய்டாவோ, ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்பதுதான் கணக்கு. 14 கட்டத் துணியில் அந்த ஹார்லம் படத்தை அசல் அளவிலேயே தைத்தால் ஒரு லட்சத்துக்கு மேல் பெருக்கல் குறிகள் வரும். வீட்டில் வேறு வேலை இருப்பவர்களுக்கு இது ஆகாது. 150-க்கு 120 கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். 18,000 குறிகள், அகலம் 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தேவாலயம் ஒரு புள்ளியாகிவிடும். போகட்டும், மேகம் மிஞ்சும்.

படத்தைக் கட்டமாக மாற்றித் தரும் கணினி நிரல்களை நம்பி மோசம் போகாதீர்கள். மேகத்துக்கு மட்டும் முப்பது நாற்பது நூல் எண்களை அடுக்கிவிடும். கடைக்காரருக்குத்தான் லாபம். ஐந்தே கண்டு போதும்: பழுப்பு கலந்த வெள்ளை, இளஞ்சாம்பல், அடர்சாம்பல், மங்கிய நீலம், மண்ணிறம். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை. 14 கட்டத் துணிக்கு இரண்டு இழை கோப்போம். அந்த இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஒரே ஊசியில் இரண்டு நிறத்து இழைகளைக் கோத்தால் ஐந்து கண்டிலிருந்து பதினைந்து சாயல் கிடைக்கும். தூரத்து வானத்துக்குப் பெருக்கல் குறியில் பாதியை மட்டும், ஒரு சாய்கோடாகப் போட்டால் துணி லேசாகத் தெரிந்து காற்றோட்டம் வரும். துணியும் பளீர் வெள்ளை வேண்டாம், கோரா நிறம் எடுங்கள். ஒன்றை மட்டும் மீறக் கூடாது: மேலே வரும் கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் நூலின் பளபளப்பு மாறி வானம் திட்டுத்திட்டாகும்.

இப்படி ஒரு தரம் கை பழகிய பிறகு ஹார்லம் எதற்கு? சேலம்-உளுந்தூர்பேட்டை சாலையில் ஆத்தூரிலிருந்து சின்னசேலம் பக்கம் வாருங்கள். வடக்கே கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருக்கும். ஐப்பசியில் மலைமேல் மேகம் ஏறி, நிழல் சோளக்காட்டிலும் மரவள்ளியிலும் நகரும். ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். ரைஸ்டாலின் லினன் பட்டைகளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? மலையை ஒரு விரல் அகலத்துக்கு மேல் விடாதீர்கள். நம் மலை என்ற பாசத்தில் அதைப் பெரிதாக்கத் தோன்றும். பெரிதாக்கினால் தூரம் போய்விடும்.

அருவிதான் வேண்டும் என்பவர்களுக்கும் ரைஸ்டால் கை கொடுப்பார். பாறையில் மோதி நுரைக்கும் வடதேசத்து அருவிகளை நிறைய வரைந்தார். அவர் நார்வேக்கோ ஸ்வீடனுக்கோ போனதே இல்லை; 1644-இல் போய்வந்த ஆலர்ட் வான் எவர்டிங்கன் என்ற ஓவியரின் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. மேகம் அருவி, பெரியார் அருவி இரண்டும் இந்த மலையிலேயே இருக்கின்றன. நுரைக்கு வெள்ளை நூலைக் குறைவாகவும் சுற்றியுள்ள பாறைக்குக் கருஞ்சாம்பலை அதிகமாகவும் செலவழியுங்கள்.

மலைக்கு மேற்கே, தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவே, சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போன தங்கள் தையலை மீட்டெடுத்து 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமும் அடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் துணிகளில் சாம்பல் வானத்துக்கு வேலையே இல்லை. நூல் இறுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவற்றின் முன்பக்கத்தைப் பார்த்தபின் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள்.

மூலப்படம் தேடி அலைய வேண்டாம். ஹார்லம் காட்சியை ரைஸ்டால் பலமுறை வரைந்தார். அவற்றில் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் தன் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகிறது. தைத்து முடித்ததும் மெல்லிய சோப்புத் தண்ணீரில் அலசி, டவல்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். சட்டத்துக்குக் கவலையில்லை; மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் எங்கள் கள்ளக்குறிச்சி. பூவேலை மட்டும் அதிகம் வேண்டாம் என்று ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.