சென்னைக்குத் திரும்பலாம், டெல்லியில் இறங்கிக்கொள்ளுங்கள்

2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. ஜூனில் இண்டிகோ 500 கேட்டது. இத்தனையையும் யார் ஓட்டப்போகிறார்கள் என்ற கேள்வி வந்ததும், வளைகுடாவில் இருக்கும் இந்திய பைலட்டுகள் பக்கம் பார்வை திரும்பியது.

துபாயில் போயிங் 777 ஓட்டும் தமிழ் கேப்டன் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஐம்பதை நெருங்கும் வயது. அம்மா மயிலாப்பூரில் தனியாக. மகள் பிளஸ் ஒன்.

வந்துவிடலாமா என்று யோசித்தால் முதலில் கைக்கு வருவது கால்குலேட்டர். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. இங்கே, புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் வரும் பணத்துக்கு 30 சதவிகிதம். 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் வேறு. அமீரகச் சட்டப்படி கிராஜுவிட்டி முதல் ஐந்தாண்டுக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், பிறகு 30 நாள். இன்னும் சில வருடம் இருந்தால் அதுவும் கூடும். இதெல்லாம் ஒரு மாலையில் முடிகிற கணக்கு. ‘குறைந்தால் குறையட்டும்’ என்று துணிந்தவருக்கும் பிடிபடாதது, எந்த ஊரில் பேஸ், அதாவது எந்த ஊரிலிருந்து பறக்க வேண்டும் என்பது.

ஏர் இந்தியாவின் பெரிய விமானங்கள் நெடுந்தூரம் கிளம்புவது பெரும்பாலும் டெல்லி, மும்பையிலிருந்து. 777 அனுபவத்தோடு வருபவரின் இடமும் அங்கேதான். துபாயிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். டெல்லியிலிருந்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவைப் பார்க்க அப்போதும் விமானம் ஏறத்தான் வேண்டும். அதுவும் சீட் காலியாக இருந்தால் கிடைக்கும் ஸ்டாஃப் டிக்கெட்டில். இதற்கா துபாயை விட்டு வந்தாய் என்று அம்மாவே கேட்பார்.

சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் ஏர்பஸ் ஏ320. போயிங்கின் கன்ட்ரோல் வீலை விட்டு, பக்கவாட்டில் இருக்கும் சைட்ஸ்டிக்குக்குக் கை பழக வேண்டும். அந்த வகை விமானத்தை ஓட்டப் புது டைப் ரேட்டிங், சிமுலேட்டர், பிறகு பயிற்சிப் பறத்தல். ஒரே மூச்சில் லண்டன் போனவர், ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்குவார். சக பைலட்டுகள் சிலருக்கு இது இறக்கமாகத் தெரியும். என்னைக் கேட்டால், ஊர் திரும்பினார் என்று சொல்லத் தகுந்தவர் இவர் ஒருவர்தான். டெல்லிக்குப் போனவர் கம்பெனி மாறியிருக்கிறார், அவ்வளவே.

அடுத்தது சீனியாரிட்டி. பல ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும், பெரும்பாலான விமான நிறுவனங்களில் சேர்ந்த தேதியே சீனியாரிட்டி எண்ணைத் தீர்மானிக்கும். நேரடியாகக் கேப்டனாகவே எடுத்தாலும் பட்டியலில் கடைசி. விரும்பிய பேஸ், தீபாவளி லீவு இரண்டும் முன்னால் இருப்பவர்களுக்குப் போன பிறகுதான் இவருக்கு.

ரோஸ்டர்? இந்திய விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் புதிய விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. பைலட்டுகள் நெடுங்காலம் கேட்டது இது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலானது. அதற்கேற்ற ஆள் பலமும் திட்டமும் இல்லாமல் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ தடுமாறியது. 5ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. உடனே அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிக விலக்கு தரப்பட்டது. துபாயிலிருந்து இதைப் பார்த்த கேப்டன், ஓய்வு விதியை நம்பி வரலாமா என்று யோசித்தால் குற்றம் சொல்ல முடியாது.

பழைய பயமும் உண்டு. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில். சம்பள பாக்கியோடு வெளியே வந்தவர்கள் பலர் பிழைக்கப் போனதே வளைகுடாவுக்குத்தான். ஆனால் அங்கேயும் நிரந்தரம் என்று ஒன்றில்லை. 2020இல் கொரோனா வந்தபோது பெரிய நிறுவனங்களே பைலட்டுகளை அனுப்பின. வேலையை ஒட்டிய விசா என்பதால், வேலை போனால் வீட்டோடு கிளம்ப வேண்டும்.

வந்து பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் திரும்பலாம் என்பதும் சுலபமில்லை. 2017இல் வந்த டி.ஜி.சி.ஏ. விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஒரு வருடம். கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். வணிக விமானத்தில் 65 வயது உச்சவரம்பு. ஐம்பதில் ஒரு வருடம் என்பது மீதியிருக்கும் பணிக்காலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு.

அதனால் நேர்காணலில் சம்பளத்தைப் பிறகு பேசலாம். சென்னை பேஸ் என்று எழுத்தில் தருவீர்களா, எத்தனை காலத்துக்கு, கம்பெனி தேவைக்கு மாற்றலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். மகளின் பிளஸ் டூ முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கேட்டு வைக்க அது போதும்.